காற்று ஏறும் நேரம்

"அண்ணே, குரங்கணி ஈஸியான மலைதானே?"

மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறேன். அப்பா மேலே ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அதனால் பள்ளிக்கூட விடுமுறை என்றாலே எனக்கு மலைதான். சென்னையிலும் கோவையிலும் வேலை பார்க்கிற சொந்தக்காரப் பிள்ளைகள், அவர்களுடைய சிநேகிதர்கள் என்று யாராவது என் போன் நம்பரை வாங்கி அழைப்பார்கள். பாதையைக் கேட்பார்கள், ஜீப் வாடகை கேட்பார்கள், மேலே தங்க இடம் இருக்கிறதா என்று கேட்பார்கள். எந்த மாதம் வரலாம் என்று கேட்கிறவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இதே பிள்ளைகள் இமயமலைக்குப் போவதென்றால் ஆறு மாதம் முன்பிருந்தே காலையில் ஓடிப் பழகுகிறார்கள். மருத்துவரிடம் சான்று வாங்குகிறார்கள், பூட்ஸைப் போட்டு நடந்து பதப்படுத்துகிறார்கள். குரங்கணிக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ் பையோடு பஸ் ஏறி, சனிக்கிழமை காலையில் போடியில் இறங்கி, இட்லி சாப்பிட்ட கையோடு ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். உயரம் குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உயரக் கணக்கையே பார்ப்போம். போடி கடல்மட்டத்திலிருந்து 1,000 அடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. இங்கிருந்து மேற்கே 15 கிலோமீட்டர் சுமாரில், கொட்டகுடி ஆற்றை ஒட்டி, மலையின் மடியில் குரங்கணி. அதற்கு நேர் மேலே கொழுக்குமலை, 7,000 அடிக்கும் மேல். உலகத்திலேயே மிக உயரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்று என்று சொல்லப்படுவது. அது தேனி மாவட்டத்து மண்தான், ஆனால் வண்டி போகிற பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாக மட்டும்தான். நம் பக்கத்திலிருந்து போகவேண்டுமானால் கால்தான் வண்டி. குரங்கணியிலிருந்து நடந்தால் ஒரே நாளில் 4,000 அடிக்குக் குறையாத ஏற்றம்.

இமயத்தில் 10,000 அடிக்கு மேலே போனபிறகு, ராத்திரி படுக்கிற இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது பொதுவான விதி. அடிக்கணக்கில் 1,600 சொச்சம். அங்கே காற்று மெலிந்துபோகும், உடம்பு பழக நாள் வேண்டும், அதனால் அந்தக் கட்டுப்பாடு. இங்கே மூச்சுக்குக் குறைவில்லை. மூச்சு நன்றாக இருப்பதால் தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லாமல் ஆள் ஏறிக்கொண்டே இருக்கிறான். மறுநாள் அந்த 4,000 அடியையும் முட்டி நடுங்க நடுங்க இறங்குகிறான். இறங்கத் தொடங்கும்போது மணி பத்தோ பதினொன்றோ ஆகிவிடுகிறது. குரங்கணி மலையில் ஆபத்தான நேரம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இது வேடிக்கைக்காகப் போட்ட பாதை அல்ல. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்று ஓடியது. 1908-இல் அதை இரண்டடி அகல ரயில் பாதையாக மாற்றினார்கள். மூணாற்றுத் தேயிலை அதில் ஏறி மலை விளிம்புக்கு வரும். அந்த விளிம்புதான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டருக்கு இரும்புக் கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும். இடையில் இருந்த நிலையத்துக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பேர். கீழே இறங்கிய சரக்கு மாட்டு வண்டியில் போடிக்கு வரும். 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் மலைமேல் இருந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. நான்கு வருஷம் கழித்து, 1928-இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அந்த ரயிலும் அகலப்பாதை வேலைக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் நின்றுபோய், 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு வந்து சேர்ந்தது. இப்போது சென்னையிலிருந்து படுத்துக்கொண்டே வந்து இறங்கலாம்.

ஸ்டேஷன் என்ற பேர் மட்டும் மலையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சென்ட்ரல் ஸ்டேஷனில் இன்றும் ஜனங்கள் இருக்கிறார்கள், தண்டவாளம்தான் கிடையாது. சின்ன வயதில் அங்கே புல்லுக்குள் கிடந்த துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து, இது எந்தச் சாமானின் கால் என்று அப்பாவிடம் கேட்டேன். "தேயிலை பறந்து போன வண்டியோட காலு" என்றார். ரொம்ப நாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த இன்னொன்றை இப்போதும் நம்புகிறேன். "மாசி பிறந்துட்டா வெயில் ஏறினப்புறம் புல்லுமேட்டுல நிக்காதே." அவருக்கு அதைச் சொன்னவர்கள் முதுவர்கள். மதுரையிலிருந்து மலைக்கு வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. சாமியையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். குரங்கணிக்கு மேலே அவர்களுடைய ஊர் முதுவாக்குடி. ஏலத்தோட்டம், காப்பித்தோட்டம் எல்லாம் வருவதற்கு முன்பே இந்தச் சரிவில் நடந்தவர்கள்.

1996 பங்குனியில் அந்தப் பேச்சை நான் கேட்கவில்லை. எனக்கு இருபத்தாறு வயது. மூன்று சிநேகிதர்களோடு மேலே தங்கிவிட்டு மறுநாள் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தேன். மணி பன்னிரண்டு இருக்கும். இரண்டு பக்கமும் தலைக்கு மேலே தைலப்புல், வைக்கோல் நிறம். கசக்கினால் எலுமிச்சை வாசனை வருகிற புல் அது. அந்த வாசனைக்காகவே பறித்து முகர்ந்துகொண்டு வந்தோம். எண்ணெய்ச் சத்துள்ள புல் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

கீழே ஒரு மடிப்பில் வெள்ளையாகப் புகை தெரிந்தது. ரொம்ப தூரத்தில் இருந்தது, யாரோ சருகு எரிக்கிறார்கள் என்று நினைத்தோம். அப்போது எதிரே ஒரு பெரியவர் வந்தார், முதுவாக்குடிக்காரர், தலையில் சாக்குமூட்டை. எங்களைப் பார்த்ததும் மூட்டையை இறக்கி வைத்தார்.

"கணக்குப்பிள்ளை மகன்தானே? எங்கிட்டுப் போறீங்க?"

"கீழதான் பெரியவரே, குரங்கணிக்கு."

அவர் பதில் சொல்லவில்லை. ஒரு பிடி புல்லை முறித்தார். படக்கென்று சத்தம் வந்தது. உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார், தூளாகப் போனது. அந்தத் தூளைத் தலைக்கு மேலே தூக்கி விட்டார். எங்கள் நான்கு பேர் முகத்திலும் அடித்துக்கொண்டு அது மேல்பக்கமாகப் பறந்தது.

"காத்து ஏறுது. இந்நேரத்துக்கு அது உங்களப் பாத்து வரும். எம் பின்னால வாங்க."

எங்களைக் கீழே கூட்டிப்போகவில்லை, மேலேயும் கூட்டிப்போகவில்லை. சரிவுக்குக் குறுக்காக, ஆட்டுத்தடம் மாதிரி இருந்த ஒன்றில் கால் மணி நேரம் நடத்தினார். நான்கு நாள் முன்னால் எரிந்து கரியாகக் கிடந்த ஒரு மேடு வந்தது. நடுவில் ஒரு மொட்டைப் பாறை. "இதுல உக்காருங்க. எரிஞ்ச இடம் ரெண்டு தரம் எரியாது" என்றார். சாயங்காலம் வரை அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் நடந்து வந்த ஒற்றையடிப் பாதை முழுவதும் எங்கள் கண் முன்னே எரிந்தது. தீ ஓடுகிறது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோம், அன்றைக்கு அது நிஜமாகவே ஓடியது. ஒரு புதரில் பற்றி அடுத்த புதருக்குப் போகிற மாதிரி இல்லை. முழுச் சரிவும் ஒரே சமயத்தில் எழுந்து மேலே வருகிற மாதிரி இருந்தது. சிநேகிதன் ஒருவன் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் நாங்கள் அரை மணி நேரம் இறங்கிய தூரத்தைத் தீ ஆறு நிமிஷத்தில் ஏறிவிட்டது.

இது ஏன் நடக்கிறது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். தட்டையான தரையில் தீயின் நாக்கு நேராக மேலே போகும். சரிவிலோ அது முன்னால் இருக்கிற புல்லின் மேல் சாய்ந்துகொள்ளும். தொடுவதற்கு முன்பே அந்தப் புல்லைச் சூடாக்கி, இருக்கிற ஈரத்தை உறிஞ்சி, பற்றத் தயாராக வைத்துவிடும். தீயணைப்பில் அனுபவப்பட்டவர்கள் ஒரு கைக்கணக்குச் சொல்கிறார்கள். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அப்படியென்றால் 30 பாகைச் சரிவில் எட்டு மடங்கு. மனிதனுக்கோ அதே சரிவில் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டு மேடுகளுக்கு நடுவே இருக்கிற ஓடை மடிப்பு இன்னும் மோசம். அது புகைபோக்கி மாதிரி வேலை செய்து, சூட்டையும் புகையையும் மேலே இழுக்கும். இதோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. காலையில் சூரியன் பட்டுச் சரிவு சூடேறினால் காற்று பள்ளத்திலிருந்து மலை உச்சியைப் பார்த்து ஏற ஆரம்பிக்கும். இருட்டியபின் அதுவே கீழே இறங்கும். பெரியவர் ஒரு பிடிப் புல்லில் பார்த்துச் சொன்னது இது முழுவதையும்தான்.

எரிந்த இடம் மறுபடி எரியாது என்றாரே, அது உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. 1949 ஆகஸ்ட் 5, அமெரிக்காவின் மாண்டனா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளம். காட்டுத்தீயை அணைக்கப் பாராசூட்டில் குதித்த பயிற்சி பெற்ற வீரர்களைக் கீழிருந்து புல்தீ துரத்தியது. எல்லாரும் மேலே ஓடினார்கள். வேக்னர் டாட்ஜ் என்ற அவர்களுடைய தலைவர் மட்டும் நின்று, தனக்கு முன்னால் இருந்த புல்லில் தானே தீ வைத்தார். அது எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார். பெருந்தீ அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. கூப்பிட்டும் யாரும் அவரோடு அந்தச் சாம்பலுக்குள் வரவில்லை. 13 பேர் இறந்தார்கள். தீயோடு வாழ்ந்து பழகியவர்களையே மலைச்சரிவுப் புல் அப்படி ஏமாற்றியது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மாசி மாதம் முடியப் போகிற நேரம். சென்னையிலிருந்து ஒரு குழுவும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குழுவும் சனிக்கிழமை ஏறிக் கொழுக்குமலையில் தங்கிவிட்டு, ஞாயிறு குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், பலருக்கு அது முதல் மலை. பிற்பகலில் புல்சரிவில் தீ அவர்களைப் பிடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு மாடியில் நின்றேன். மேற்கே மலையில் சிவப்பாக ஒரு கோடு. மாசி, பங்குனியில் அப்படி ஒரு கோடு தெரிவது போடிக்காரர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் அன்றைக்குத் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. தண்ணீர் கேன்களை வண்டியில் போட்டுக்கொண்டு குரங்கணிக்குப் போனேன். போய்ச் சேர்வதற்கு முன்பே ஊர்க்காரர்களும் மலைவாழ் இளைஞர்களும் தோட்டத் தொழிலாளர்களும் டார்ச்சோடு மேலே ஏறிவிட்டிருந்தார்கள். மேலே யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் கம்பளியைக் கம்பில் கட்டி டோலியாகத் தூக்கி இறக்குவது இந்த மலையில் காலங்காலமாக நடப்பது. பிரசவத்துக்கு, பாம்புக்கடிக்கு, நெஞ்சுவலிக்கு எல்லாம் அதுதான். அந்த ராத்திரி போர்வை, வேட்டி, சாக்கு என்று கையில் கிடைத்ததில் எல்லாம் டோலி கட்டி அவர்கள் இறங்கினார்கள். ஒரு பெண்ணை என் முன்னால் இறக்கி வைத்தார்கள். அவள் அணிந்திருந்த பாலியஸ்டர் உடை உருகித் தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் கேட்டாள். உதட்டை நனைத்தேன். "மத்தவங்கல்லாம் வந்துட்டாங்களா அண்ணா?" என்று கேட்டாள். "வந்துட்டாங்கம்மா" என்றேன். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. 9 பேர் மலையிலேயே இறந்துவிட்டிருந்தார்கள். மதுரை ராசாசி மருத்துவமனையிலும் மற்ற இடங்களிலும் நாளுக்கு ஒன்றாக, இரண்டாக உயிர்கள் போய், சில வாரங்களில் எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. மூத்த அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணை நடத்தியது.

அந்த நாட்களில் ஊரில் ஒரு பேச்சு அடிபட்டது. பொம்பளப் பிள்ளைகளுக்கு எதற்கு மலை? அதைக் கேட்டபோதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. போடியிலிருந்து தினமும் விடிகாலையில் ஜீப் ஜீப்பாக மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள் யார்? பெண்கள்தான். காப்பிப்பழம் பறிப்பதும், மூட்டை சுமப்பதும், மேலே இருக்கிற ஊர்களிலிருந்து ரேஷனுக்கு இறங்கி ஏறுவதும் பெண்கள்தான். மலைக்கு வந்ததில் அந்தப் பிள்ளைகள் செய்த தப்பு எதுவும் இல்லை. காற்று ஏறும் நேரத்தில் அந்தப் புல்லுக்குள் அவர்கள் இருந்திருக்கக் கூடாது. அதை அவர்களுக்குச் சொல்லும் ஆள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இந்த நேரக் கணக்கை இமயத்திலும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2003-இல் உத்தரகாசிக்குப் போய் மலையேற்றப் பயிற்சி எடுத்தவன் நான். 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அங்கே இருக்கிறது. 28 நாள் அடிப்படைப் பயிற்சி. முதல் சில நாட்கள் டெக்லா பாறைகளில் கயிறு கட்டி ஏறப் பழக்கினார்கள். பிறகு புக்கி கிராமத்திலிருந்து நடந்து, தேலா முகாம் தாண்டி, டோக்ரியானி பனியாற்றுக்குக் கூட்டிப்போனார்கள். சொல்லிக்கொடுக்கிறவரை அங்கே உஸ்தாத் என்பார்கள். எங்கள் உஸ்தாத் ஒரு கட்வால்காரர். குறைவாகப் பேசுவார். ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பிவிட்டு, இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில் நடக்க வைப்பார். எதற்கு இந்த அவசரம் என்று ஒருவன் கேட்டான். காலையில் பனி கல் மாதிரி இறுகியிருக்கும். வெயில் ஏற ஏற இளகும், பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலம் உள்வாங்கும், மேலே இருப்பது சரியும் என்றார். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் குறித்த மணிக்குத் திரும்பு என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு முதுவாக்குடிப் பெரியவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். பனியைப் பார்க்காதவர் அவர், தைலப்புல்லைப் பார்க்காதவர் இவர். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்: மலையில் நடக்கக் காலை நேரம்தான் நமக்கு. வெயில் ஏறியபின் அங்கே பனி இளகுகிறது, இங்கே புல் முறிகிறது.

இந்த விதியைக் கடைப்பிடித்தால் எதுவும் நடக்காது என்று சொல்லமாட்டேன். நான் பயிற்சி எடுத்த அதே பனியாற்றுக்கு மேலே இருக்கிற திரௌபதி கா டாண்டா-2 சிகரத்தில், 2022 அக்டோபர் 4 அன்று பனிச்சரிவு ஏற்பட்டது. பயிற்சிக்குப் போனவர்களில் 25 பேருக்கும் மேல் இறந்தார்கள். அது காலை நேரம்தான். 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திரதால் ஏரிப் பாதையில் திடீரென்று வந்த பனிப்புயலில் சிக்கிக் கர்நாடகத்துக்காரர்கள் 9 பேர் இறந்தார்கள். அனுபவமுள்ளவர்களும் அவர்களில் இருந்தார்கள். எவ்வளவு தெரிந்தாலும் மலையில் தெரியாதது மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. அதனால்தான் தெரிந்ததையாவது விடாமல் செய்ய வேண்டும் என்கிறேன்.

எந்த மாதம் வரலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது டிசம்பர் பின்பாதியும் ஜனவரி முன்பாதியும். வடகிழக்குப் பருவமழை முடிந்து புல் இன்னும் பச்சையாக இருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் கொட்டகுடி ஆறு கீழே வெயிலில் இருப்பவனை அடித்துக்கொண்டு போகும். அட்டையும் அப்போதுதான் அதிகம். பிப்ரவரியிலிருந்து மழை விழும்வரை மலையைக் கீழிருந்து பார்த்துவிட்டுப் போங்கள். போடியில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்க ஆரம்பித்தால் மலையில் புல் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஊரில் அதைவிட நல்ல காலண்டர் கிடையாது.

முழுக்கைப் பருத்திச் சட்டையும் பருத்திக் கால்சட்டையும் போடுங்கள் என்றால் பிள்ளைகள் யோசிக்கிறார்கள். வியர்வை காயாது என்கிறார்கள். பனிமலையில் அது சரி, ஈரப் பருத்தி அங்கே ஆளைக் குளிரில் கொன்றுவிடும். ஆனால் காய்ந்த புல்சரிவில் நைலானும் பாலியஸ்டரும் உருகுகிற துணிகள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். போன் சிக்னல் ஒரு வளைவில் கிடைக்கும், அடுத்த வளைவில் போய்விடும், அதை நம்பி இருக்காதீர்கள். ஒருவேளை தீயைப் பார்த்துவிட்டால் மேலே ஓடாதீர்கள். சரிவுக்குக் குறுக்கே போங்கள். எரிந்து முடிந்த தரை, மொட்டைப் பாறை, ஈரமான சோலைக்காடு, இவற்றில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதற்குள் போய்விடுங்கள். இவை எங்கே இருக்கின்றன என்பது மலையில் பிறந்தவனுக்குத்தான் தெரியும். அவன் இல்லாமல் ஏறவே வேண்டாம் என்பதை மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

அந்த விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2018-க்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கினார்கள். 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையத்தில் முன்பதிவு செய்யவேண்டும், காட்டை ஒட்டி வாழ்கிற இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அனுப்புகிறார்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் குரங்கணி–சாம்பலாறு பாதை அந்தப் பட்டியலில் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு இந்த மலையில் மலையேற்றமே நின்றுபோய், ஜீப் ஓட்டுகிறவர்களும் சமைத்துப் போடுகிறவர்களும் பிழைப்புத் தேடிக் கேரளத் தோட்டங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். வழிகாட்டுகிற பையனுக்குக் கிடைக்கிற கூலி வருஷம் முழுவதும் வீட்டைக் காப்பாற்றப் போதாது. தீக்காலத்தில் பாதையை மூடும்போது அவனுக்கு வேறு வேலை வேண்டும். தீக்காவலுக்கும் தீத்தடுப்புக் கோடு வெட்டவும் அவனையே கூலி கொடுத்து வைக்கலாம். இந்த மலையில் தீயை அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

போன ஜனவரியில் ஒரு நாள், விடிந்தும் விடியாமலும் குரங்கணியிலிருந்து ஏறினோம். சென்னையிலிருந்து வந்த ஐந்து பேர், நான், வழிகாட்டும் பையன். புல்லில் பனி சொட்டியது, முட்டிவரை நனைந்துவிட்டது. ஒரு முகட்டுக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு ஆள் படுக்கிற அகலத்துக்கு முகடு நெடுகப் புல்லை அறுத்து ஒதுக்கியிருந்தார்கள். ஈரம் இருக்கும்போதே அந்தக் கோட்டை எரித்து முடிக்கவேண்டும், பங்குனித் தீ வந்தால் அங்கே நிற்கட்டும் என்று. எங்கள் பையன் பையை இறக்கி வைத்துவிட்டு, கேட்காமலே போய்ச் சேர்ந்துகொண்டான். வந்தவர்களில் ஒரு பெண் என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, நாங்க ஏதாவது செய்யலாமா?"

அங்கிருந்த பெரியவர் ஒருவர் பச்சைக் குழையாகப் பார்த்து ஒடித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் பொறி விழுந்தால் அடிக்காமல் அழுத்தி அணைக்கச் சொன்னார், அடித்தால் சிதறுமாம். அரை மணி நேரம் வரிசையாக நின்றோம். ஈரப்புல் எரியமாட்டேன் என்று புகைந்தது, கண்ணெல்லாம் எரிச்சல். சூரியன் மேட்டைத் தொடும்போது பெரியவர் கையை உயர்த்தினார். "போதும், காத்து மாறப் போகுது" என்றார். குழைகளைக் கரிக்கோட்டின் மேலேயே போட்டுவிட்டு நடந்தோம். அந்தப் பெண் சாம்பலாறு வரும்வரை வழியில் இருந்த புல்லை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.